மேட்டு வீட்டுக்கு வராத கட்டை

பக்கத்து அறையில் பெட்டியின் மூடி கிறீச்சிட்டது.

அடுப்பில் பட்டாணியைக் கிளறிக்கொண்டிருந்த மில்தாவின் கை நின்றது. அந்தப் பெட்டியில் இருந்தவை ஓயார்ஸின் சட்டைகள். ஏப்ரலில் கணவரைப் புதைத்துவிட்டு வந்து மடித்து வைத்தவள், அதன் பிறகு தானே அதைத் திறந்ததில்லை. கரண்டியும் கையுமாகப் போய் நின்றாள். கயிறு வாங்க வந்திருந்த ஊர்க் கலை மன்றத்தின் புதிய பொறுப்பாளர் இல்வா, சட்டைகளைக் கட்டிலில் வாரிப் போட்டுவிட்டு, அடியில் கிடந்த கயிற்றை இழுத்துக்கொண்டிருந்தாள்.

"கேட்டு எடுக்கணும்னு உன் வீட்டுல யாரும் சொல்லித் தரலையாம்மா?"

"நீங்க வேலையா இருந்தீங்க, அத்தை. தொந்தரவு வேண்டாம்னு பார்த்தேன்."

அன்று வருடத்திலேயே மிகக் குறுகிய பகல். லாட்வியாவின் எங்கள் மேற்குக் கரையில் அன்று ஓக் கட்டை ஒன்றைக் கயிறு கட்டி வீடு வீடாக இழுத்துப் போவோம். அந்த வருடத்து நோய், சண்டை, சாவு எல்லாம் கட்டையில் ஏறிக்கொள்ளும். சூரியன் விழும்போது கட்டை எரியும், கூடவே அவையும் எரியும். எந்த வீட்டில் சாவு விழுந்ததோ, அந்த வீட்டுக்குத்தான் கட்டை முதலில் போக வேண்டும். சிலுவை இந்தப் பக்கம் வருவதற்கு முன்பிருந்தே இதுதான் வழக்கம்.

மில்தா கட்டை இழுக்க ஆரம்பித்தது பதினேழு வயதில், கூட்டுப்பண்ணையில் பால் கறக்கப் போன வருடம். அப்போது சோவியத் ஆட்சி, இதற்கெல்லாம் தடை. அவளும் வேறு ஆறு பெண்களும் மாட்டுத் தொழுவத்தைச் சுற்றி இழுத்துக்கொண்டிருந்தபோது பண்ணைத் தலைவர் வந்துவிட்டார். "புதுக் கயிறு, தோழர். தாங்குதான்னு பார்க்கிறோம்" என்றாள் மில்தா, முகத்தில் ஒரு சுருக்கம் விழாமல். அவர் கயிற்றைப் பார்த்தார், கட்டையைப் பார்த்தார், சோதனையைச் சீக்கிரம் முடிக்கச் சொல்லிவிட்டுப் போனார். மறுவருடம் அவர் மனைவியே பின்வாசல் வழியாக வந்து, குழந்தையின் காய்ச்சலுக்காகக் கட்டையைத் தொட்டுவிட்டு அழுதுகொண்டே போனாள். அவளையும் மில்தா தடுக்கவில்லை.

அந்தப் பண்ணையின் டிராக்டர் ஓட்டுநர்தான் ஓயார்ஸ். கல்யாணமான குளிர்காலத்தில் ஆளி நாரைத் திரித்து இந்தக் கயிற்றைச் செய்தார். அதன் பிறகு ஒவ்வொரு வருடமும் அவர் முன்னால் இழுப்பார், அவள் பாட்டைத் தொடங்குவாள். மழையானாலும் பனியானாலும் ஒரு வீட்டைக்கூட அவர்கள் விட்டதில்லை. கடைசியில் வயிற்று நோய் ஏழே வாரத்தில் அந்த மலை போன்ற மனிதரைச் சுருட்டிக்கொண்டு போயிற்று.

எட்டு மாதமாக மில்தா இந்த ஒரு நாளைத்தான் எண்ணிக்கொண்டிருந்தாள்.

கட்டை எத்தனை மணிக்கு வரும் என்று கேட்டாள். இல்வா கயிற்றைச் சுருட்டியபடியே சொன்னாள். தலைநகர் ரீகாவிலிருந்து இரண்டு பஸ் நிறைய விருந்தினர்கள் வருகிறார்கள். மில்தாவின் வீட்டுக்கு ஏறும் மேட்டுப் பாதையில் முழங்காலளவு பனி. மூன்றே முக்காலுக்குச் சூரியன் இறங்கிவிடும். அதனால் இந்த வருடம் சாலையோரத்து ஒன்பது வீடுகள் மட்டும்தான்.

"மேட்டு வீடு?"

"நீங்க கீழ இறங்கி வந்துடுங்க, அத்தை. நெருப்புப் பக்கத்துல ஒரு பெட்டி வைக்கிறோம். துக்கத்தைச் சீட்டுல எழுதிப் போட்டா, அதையும் சேர்த்து எரிச்சுடுவோம். வர்றவங்களுக்கும் அது வசதி."

மில்தாவின் கழுத்து நரம்பு புடைத்தது. குரல் மட்டும் ஏறவில்லை.

"என் புருஷன் சாவு உனக்கு லாட்டரிச் சீட்டா?"

மில்தா கரண்டியைக் கட்டிலில் எறிந்துவிட்டு, கயிற்றைப் பிடுங்கிக்கொண்டு வெளியே போனாள். விறகுக் கொட்டகையில், ஓயார்ஸின் கோடரிக்கே பிளக்காமல் போன முடிச்சு விழுந்த ஓக் கட்டை ஒன்று கிடந்தது. அதைச் சுற்றிக் கயிற்றைக் கட்டினாள். ஒரு முனையைத் தன் தோளில் போட்டுக்கொண்டு, மறு முனையை இல்வாவின் மேல் வீசினாள்.

"இழு."

"அத்தை, கீழ எல்லாரும் காத்துட்டு..."

"எட்டு மாசமா நானும் காத்துட்டுதான் இருந்தேன். இழு."

வீட்டைச் சூரியன் போகும் திசையில் மூன்று முறை சுற்ற வேண்டும். இல்வாவின் நகரத்துக் காலணி முதல் மூலையிலேயே பனியில் புதைந்தது. மில்தா நிற்கவில்லை, பாடவுமில்லை. படுக்கையறை ஜன்னலுக்குக் கீழே வந்தபோது கட்டையை ஓங்கி உதைத்தாள்.

"ஏழு வாரம் அவருக்கு ஒரு வாய்க் கஞ்சி இறங்கலை. அதை எடுத்துட்டுப் போ."

அடுத்த சுற்றில் அதே இடத்தில் இன்னொரு உதை. "தண்ணி கேட்டாரு. நான் தூங்கிட்டேன். அதையும் எடுத்துட்டுப் போ."

இல்வா கயிற்றை இன்னும் இறுகப் பிடித்தாள். மூன்றாவது சுற்றில் அவள்தான் முன்னால் இழுத்தாள். மூச்சு வாங்கியது, கண் கலங்கியிருந்தது. மில்தா அதைப் பார்த்தாள். பார்த்தும் அவள் கோபம் ஒரு இம்மிகூட இறங்கவில்லை.

கட்டையை இருவருமாக உருட்டி உள்ளே கொண்டுவந்தார்கள். பெரிய கணப்பின் வாயில் அது பாதிதான் நுழைந்தது. மீதியைக் காலால் தள்ளி நுழைத்தாள் மில்தா. காய்ந்த பட்டை சடசடவென்று பற்றிக்கொண்டது. அப்போதுதான் எட்டு மாதத்து அழுகை அவளிடமிருந்து வெடித்தது. சுவரில் தலையை முட்டிக்கொண்டு, மிருகம் போல அழுதாள். இல்வா தோளைத் தொட வந்தாள். மில்தா அவள் கையைத் தட்டிவிட்டு முகத்தைத் துடைத்துக்கொண்டாள். கயிற்றைச் சுருட்டி அவள் மார்பில் அழுத்தினாள்.

"கொண்டு போ. ஒன்பது வீட்டுலயும் துக்கம் இருக்கு. அவங்க என்ன பாவம் பண்ணாங்க?"

"நீங்க வராம பாட்டை யார் தொடங்குவாங்க, அத்தை?"

"பஸ்ஸுல வர்றவங்களைத் தொடங்கச் சொல்லு."

இல்வா வாசலில் திரும்பினாள். அடுத்த வருடம் மேட்டு வீட்டுக்குத்தான் முதலில் வருவோம் என்று மெல்லிய குரலில் சொன்னாள்.

"அடுத்த வருஷம் எங்க வீட்டுல சாவ என்னை விட்டா யாரும் இல்லை" என்றாள் மில்தா.

இல்வா தலை குனிந்து படியிறங்கினாள். அவள் வேலியைத் தாண்டும்வரைகூட மில்தா பார்த்துக்கொண்டிருக்கவில்லை. கதவைச் சாத்தித் தாழ்ப்பாள் போட்டாள்.