லினக்ஸில் அதெல்லாம் வராது

கற்பகத்தின் மடிக்கணினியைப் பத்து நிமிடத்தில் சரிசெய்திருக்க முடியும். எப்படி என்றும் தெரியும். வேண்டுமென்றேதான் செய்யவில்லை!

கற்பகம் என் கொழுந்தனின் மனைவி. மடுகரையில் ஒரே வீடு, ஒரே அடுப்படி. திருமணத்துக்கு முன் நான் கணினிப் பயிற்சி மையத்தில் பாடம் நடத்தியவள். பிறகு கரும்பு வெட்டும் ஆட்களுக்குச் சோறு வடிப்பதிலேயே என் படிப்பு கரைந்துபோனது. அவளுக்கோ சென்னையில் ஒரு வேலை கிடைக்கும்போல் இருந்தது. காலை பதினோரு மணிக்கு இணையவழித் தேர்வு. கைபேசியில் எழுத முடியாது. தேறினால் கணவனோடு அங்கேயே குடிபோய்விடுவாள்.

அவளுடைய பழைய மடிக்கணினி நத்தையாய் ஊர்ந்ததால், தேர்வுக்கு முந்தைய நாள் நான்தான் விண்டோஸை எடுத்துவிட்டு, அதில் லினக்ஸ் என்ற இலவச இயங்குதளத்தைப் போட்டுக் கொடுத்தேன். அதில் வஞ்சகம் இல்லை, நம்புங்கள்... மறுநாள் காலை எட்டு மணிக்குத் திறந்தால் வைஃபையே காணோம்.

பார்த்ததுமே புரிந்தது. வைஃபை கார்டு நன்றாகத்தான் இருந்தது. அதை இயக்கும் டிரைவர் என்ற சிறு மென்பொருள்தான் ஏறவில்லை. கைபேசியைக் கேபிளில் இணைத்தால் இணையம் வரும். டிரைவரை இறக்கினால் முடிந்தது.

அந்நேரம் மாமியார் கற்பகத்துக்குத் தேநீர் ஆற்றிக் கொடுத்துக்கொண்டிருந்தார். எனக்கு ஒருநாளும் ஆற்றிக் கொடுக்காத கை அது!

"இன்னாக்கா ஆச்சு?"

"கார்டே பூட்ச்சுடி. பழைய மிஷினு."

"போனை ஒயர்ல மாட்டி நெட்டு எடுக்க முடியாதாக்கா?"

சரியாகச் சொல்லிவிட்டாள்!

"லினக்ஸ்ல அதெல்லாம் வராதுடி."

அதற்குப் பின் செய்ததுதான் இன்னும் கொடியது. இரண்டு மணி நேரம் கறுப்புத் திரையில் கட்டளைகளைத் தட்டிக்கொண்டே இருந்தேன். தேதியைக் காட்டும் கட்டளை, கோப்புகளை வரிசையாகக் காட்டும் கட்டளை... எதற்கும் உதவாதவை! அவள் என் தோளுக்குப் பின்னால் நின்று, ஒவ்வொரு வரிக்கும் மூச்சைப் பிடித்துக்கொண்டாள். நான் அதை ரசித்தேனா? ஆம்... ரசித்தேன்.

பத்தரைக்குப் பேருந்து பிடித்து மதகடிப்பட்டு பிரௌசிங் சென்டருக்கு ஓடினாள். போய்ச் சேர்வதற்குள் தேர்வு தொடங்கி, உள்ளே நுழைய முடியாமல் போயிற்று.

திரும்பி வந்தவளிடம் அவள் கணவன், "ஒரு டப்பாவ ஓட்டத் தெர்ல, இவ மெட்ராஸ் போறாளாம்!" என்று சிரித்தான். நானும் சேர்ந்து சிரித்தேன்.

ஒரு வாரம் கழித்து, "ஒம் பொண்ணு படிக்கட்டும்க்கா" என்று மடிக்கணினியை என்னிடமே கொடுத்தாள். கைபேசியை மாட்டினேன். பத்தே நிமிடத்தில் வைஃபை வந்தது. புதுக் கார்டு வாங்கிப் போட்டதாகச் சொன்னேன். "நீ கெட்டிக்காரிக்கா" என்றாள்.

அன்றே சொல்லியிருக்கலாமே என்று கேட்கிறீர்களா? கேளுங்கள்... போன மாதம் இன்னொரு வாய்ப்பும் வந்ததே! களை எடுக்கக் கிளம்பும்போது மெல்லக் கேட்டாள்:

"அந்தக் கம்பெனில திரும்பவும் ஆள் எடுக்கறாங்களாம். போட்டுப் பாக்கட்டாக்கா?"

வயது வரம்பு எதுவும் இல்லை. அவள் கேட்பதற்கு முன்பே நான் அந்த அறிவிப்பைப் படித்திருந்தேன்.

"ஒனக்கு வயசு தாண்டிப்போச்சுடி."

தலையாட்டினாள். சோற்றுத் தூக்கை எடுத்துக்கொண்டு வரப்பில் இறங்கிப் போனாள். நான் கூப்பிடவில்லை.