பின்சீட்டில் கட்டிய பை

பனவடலிசத்திரத்தில் டீக்கடை முன்னால் மோட்டார் சைக்கிளை நிறுத்தியிருக்கிறேன். பின்சீட்டு முழுவதையும் என் பை அடைத்துக்கொண்டிருக்கிறது. மழை புகாது, ஆடாது, பத்து நாள் துணி கொள்ளும் என்று இணையத்தில் தேடித் தேடி வாங்கியது. பின்னால் ஓர் ஆள் உட்கார வேண்டிவரும் என்று அங்கே யாரும் எழுதவில்லை. எனக்கும் தோன்றவில்லை.

"அண்ணாச்சி, சங்கரன்கோவில் ஆஸ்பத்திரி வரைக்கும் கொண்டு விடுதீகளா? பஸ் இப்பந்தான் போச்சு."

கேட்டவருக்கு நாற்பது வயதிருக்கும். கையில் ஒரு மஞ்சள் பை. பேசும்போதே பின்சீட்டைப் பார்த்துவிடுகிறார்.

"இடம் இல்ல போல. சரி, நீங்க போங்க."

"இருங்க" என்கிறேன். பட்டைகளை அவிழ்க்க நேரமாகிறது. இறுக்கிக் கட்டத்தான் பழகியிருக்கிறேன். டீக்கடை அக்கா பையை வாங்கி பெஞ்சுக்கு அடியில் வைக்கிறார்.

வழியெல்லாம் மஞ்சள் பை எங்கள் இருவருக்கும் நடுவில் இருக்கிறது. ஆஸ்பத்திரி வாசலில் இறங்கியதும், உள்ளே யார் என்று கேட்கிறேன்.

"தம்பி. ராத்திரி லாரி இடிச்சிட்டு. காலையில தவறிட்டான்." மஞ்சள் பையில் கசங்கியிருந்த புது வேட்டியை எடுத்து, மடிப்பை நீவி, திரும்ப வைக்கிறார். "கட்டியிருந்தத கிழிச்சு எடுத்துட்டாவ. இத உடுத்தித்தான் வீட்டுக்குக் கொண்டுபோணும்."

கேட்டுக்குள் போனவர் திரும்பி வருகிறார்.

"சீக்கிரம் போயி பைய எடுத்துக்கிடுங்க, அண்ணாச்சி. மாத்துத்துணியெல்லாம் அதுலதான இருக்கும்."