செத்தவளுக்கு ஏது நோன்பு

நார்தம்பிரியாவில், ஆல்ன் ஆற்றங்கரையில் இருந்த டிட்பர்க் என்ற விதவை மொத்தம் இருபத்தாறு நாள் செத்திருந்தாள். மற்ற நாளெல்லாம் நன்றாகத்தான் இருந்தாள்.

பனிக்காலத்தில் அவளுக்குக் கடுங்காய்ச்சல். இனித் தேறமாட்டாள் என்று தம்பி ஈட்லாக் அவனாகவே முடிவு கட்டி, சிற்பி ஹன்பர்ட்டிடம் கற்சிலுவைக்குச் சொல்லிவிட்டான். காய்ச்சல் ஒன்பதே நாளில் விட்டது. ஹன்பர்ட் விடவில்லை. உளி வைத்த கல்லை நடுவில் நிறுத்துகிற பழக்கம் அவனுக்குக் கிடையாது. கொடி, கொடியைக் கொத்தும் பறவை, பறவையின் வாலைக் கவ்வும் மிருகம் என்று இரண்டு ஆள் உயரத்துக்குச் செதுக்கி, அடியில் ‘டிட்பர்க்கின் ஆன்மாவுக்காக மன்றாடுங்கள்’ என்று வெட்டினான். தவக்காலத்தின் முதல் நாள் பாதிரியார் பியோர்ன்வின் தீர்த்தம் தெளித்து அதைக் கோவில் முற்றத்தில் நட்டுவைத்தார். கூட்டத்தோடு டிட்பர்க்கும் நின்று ஆமென் சொன்னாள். வீட்டுக்கு வந்தால் கொட்டிலில் பசு இல்லை. அவளுக்கு இருந்ததே அந்த ஒரு பசுதான்.

“ஏன்டா, என் மாடு எங்கடா?”

“நீதான் போய்ச் சேந்துட்டியேக்கா. வாரிசு நான்தானே?”

“போனவ உன் எதிர்ல நின்னு கத்துறேனே, கண்ணு தெரியல?”

“தெரியுது. ஆனா கல்லுல வெட்டியிருக்கே.”

பாதிரியாரிடம் ஓடினாள். அவர் தலையைச் சொறிந்தார். “மந்திரிச்சு நட்ட சிலுவைம்மா. அது தப்புன்னு நான் எந்த வாயால சொல்ல? உன் ஆத்மா இளைப்பாறட்டும்.”

மறுநாள் காலை டிட்பர்க் சிலுவையடியில் அடுப்பு மூட்டி, பானையில் மிச்சமிருந்த வெண்ணெயில் மூன்று முட்டை பொரித்தாள். முட்டை, பால், வெண்ணெய் எதையும் தொடாமல் ஊரே பார்லிக் கஞ்சி குடிக்கிற காலம். வாசனை கோவிலுக்குள் போயிற்று.

“தவக்காலத்துல முட்டையா? நரகத்துக்குத்தான் போவே!” என்று பாதிரியார் ஓடிவந்தார்.

“செத்தவளுக்கு ஏது நோன்பு சாமி? நீங்க ஜெபத்தைப் பாருங்க. நேத்து வாய்க்குள்ளயே முணுமுணுத்தீங்க, எனக்கு ஒண்ணும் கேக்கல.”

அன்று முதல் தினமும் அங்கேதான் சமையல். விதைப்புக்குக் கூப்பிட்டார்கள். பிணம் எங்கேயாவது விதைக்குமா என்று கேட்டுவிட்டுப் புரண்டு படுத்தாள். நாலாவது வாரம் ஹன்பர்ட் வீட்டு வாசலில், தங்கள் பெயரையும் வெட்டச் சொல்லிக் கொல்லனும் இரண்டு இடையர்களும் வந்து நின்றார்கள். வரிசையின் கடைசியில் ஈட்லாக்.

பாதிரியார் வரிசையில் நின்ற தலைகளை எண்ணினார். இப்படியே போனால் ஈஸ்டர் பாட்டுக்கு உயிரோடு ஓர் ஆள் மிஞ்சாது. சிலுவை முன்னால் போய் நின்று உரக்க அறிவித்தார்: “மன்றாடச் சொல்லித்தான் போட்டிருக்கு. செத்துட்டான்னு எங்கயும் இல்ல!”

“இத முதல் நாளே படிச்சிருக்கலாமே சாமி?” என்றாள் டிட்பர்க் அடுப்படியிலிருந்து.

“இப்பத்தாம்மா நிதானமாப் படிச்சேன்.”

ஈட்லாக் பசுவை ஓட்டிவந்தான். மடி வீங்கிக் கிடந்தது. அவனுக்கு ஒழுங்காகக் கறக்கத் தெரியாது. “கயித்தப் புடிச்சா நீ உசுரோட இருக்கேன்னு அர்த்தம்க்கா. இன்னும் ரெண்டு வாரம் வெறுங்கஞ்சிதான். யோசிச்சுக்கோ.”

டிட்பர்க் சட்டியைப் பார்த்தாள். ஓரம் முறுகிய முட்டை. பசுவைப் பார்த்தாள். வாய்க்கு வந்தபடி தம்பியைத் திட்டிக்கொண்டே கயிற்றைப் பிடுங்கினாள்.

அங்கேயே உட்கார்ந்து ஒரு வாளி கறந்தாள். விரலில் நுரை ஒட்டியிருந்தது. பாதிரியார் கண் கொட்டாமல் பார்த்துக்கொண்டு நின்றார். விரலைப் பசுவின் முதுகில் துடைத்துக்கொண்டாள்.