பச்சைப் பாம்புக்குப் பரிந்தவர்

வத்தேகமவுக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்தில் நான் கிளாக்கராக இருந்தபோது, அங்கே மருந்து கொடுத்தவர் யாழ்ப்பாணத்துக்காரர். ஒல்லியானவர், வெள்ளைக் கோட்டுக்குக் கஞ்சி போட்டிருப்பார். எங்காவது பச்சைப் பாம்பை அடிக்கிறார்கள் என்று கேட்டால் கலக்கும் மருந்தை அப்படியே விட்டுவிட்டு ஓடுவார்.

ஒருநாள் கொழுந்து பறிக்கும் பெண்கள் ஒரு பாம்பைச் சுற்றிக் கம்போடு நின்றார்கள். அவர் அதைக் கிளையிலிருந்து எடுத்துக் கையில் சுற்றவிட்டார்.

“இது கண்ணைக் கொத்தாது, பிள்ளையள். ஓணான், தவளைதான் தின்னும். முட்டை இடாது, குட்டி போடும். இப்பவும் வயித்தில குட்டி கிடக்கு.”

“ஐயா கண்ணாடி போட்டிருக்கீங்க. நாங்க என்ன செய்யிறது?” என்றாள் ஒருத்தி.

அவர் கண்ணாடியைக் கழற்றிவிட்டுப் பாம்பை முகத்தருகே பிடித்தார். அது நாக்கை நீட்டியதோடு சரி.

“ஐயாவுக்கு மந்திரம் தெரியும்” என்று பெண்கள் முடிவுகட்டினார்கள்.

மறுநாள் மருந்துச்சாலை வாசலில் கூட்டம். கண்ணுக்குக் காவலாகக் கயிறு மந்திரித்துத் தர வேண்டுமாம். அவர் கத்தித் தீர்த்தார். யாரும் நகரவில்லை.

“கயிறு இருந்தா நாங்க ஏன் அத அடிக்கப்போறோம்?” என்றாள் அதே பெண்.

அவர் காயம் கட்டும் துணியைக் கிழித்து, முணுமுணுத்தபடி ஒவ்வொருத்தி கையிலும் கட்டினார்.

“என்ன மந்திரம் ஐயா?” என்று கேட்டேன்.

“வாயில வந்தபடி ஏசினனான்” என்றார்.

அதன்பின் அந்த மலையில் பச்சைப் பாம்பை யாரும் அடிக்கவில்லை. அதை நான் சொன்னபோதும் அவர் சிரிக்கவில்லை. நினைத்ததைச் சாதித்த மனிதர் ஏன் அப்படி வாடிப்போனார் என்று எனக்கு இன்றும் முழுதாக விளங்கவில்லை.