ஜெயசீலன் மாட்டாமல் விட்ட வீல் பேன்ட்

அந்தத் திங்கட்கிழமை காலையில் கண்ணாடியை எங்கேயோ வைத்துவிட்டுத் தேடிக்கொண்டிருந்தேன். நம் ஞாயிற்றுக்கிழமை வாட்ஸ்அப் குழுவில் வந்திருந்ததை என் மகள்தான் படித்தாள். "அப்பா, திண்டிவனம் ஜெயசீலன் அங்கிள் தவறிட்டாராம்பா." ஒழுங்காப் படிடி என்று திட்டினேன். மறுபடியும் அதையேதான் படித்தாள்.

விழுப்புரத்தில் கார் சீட்டுக்கு உறை தைப்பவன் நான். பத்தாவதையே இரண்டு தவணையில் முடித்தவன். இரங்கல் எழுதிப் பழக்கமில்லை. ஜெயசீலன் ஒலக்கூர் பக்கம் பெட்ரோல் பங்க் மேனேஜர், நாற்பத்தாறு வயது, என்னைவிடச் சின்னவன். செத்தவரை 'அவர்' என்று எழுத வேண்டும் என்கிறாள் மகள். எனக்கிருக்கும் ஆத்திரத்தில் 'அவன்'தான் வருகிறது. பொறுத்துக்கொள்ளுங்கள்.

ரிமோட்டில் விமானம் விடும் நம் கூட்டத்தில் அவனைப் போல் சக்கரம் பூட்ட ஆள் கிடையாது. கிளியனூர் பக்கம் காய்ந்து கிடக்கும் ஏரிதான் நமக்கு ரன்வே. நாமெல்லாம் பறப்பதைப் பார்ப்போம், அவன் இறங்குவதைப் பார்ப்பான். "ஏத்தறதுக்கு மோட்டார் இருக்குதுண்ணே. எறக்கறதுக்கு இந்த ரெண்டு காலுதான்" என்பான்.

காற்றைக் கிழித்துப் போவதற்காகச் சக்கரத்தின் மேல் கவிழ்க்கும் ஃபைபர் கூட்டுக்கு வீல் பேன்ட் என்று பெயர். அவன் முதன்முதலில் சொன்னபோது, "அளவு குடு, தச்சித் தர்றேன்" என்றேன். அதைச் சொல்லிச் சொல்லியே சிரித்தீர்கள். கூட்டுக்குள் சக்கரம் உரசக் கூடாது. அதற்கு அவன் ஒரு வழி வைத்திருந்தான். பழைய ரப்பர் செருப்பை வெட்டி, சக்கரத்துக்கு இரண்டு பக்கமும் செருகி, கூட்டை நடுவில் நிறுத்துவான். திருகாணியை முடுக்கியதும் துண்டுகளை உருவிவிடுவான். நானும் அப்படியே செய்தேன், இடது பக்கத்தில் மட்டும் உருவ மறந்தேன். விமானம் செக்குமாடு போல் சுற்றியது. நீங்கள் வீடியோ எடுத்தீர்கள். அவன் ஓடிப்போய்த் தூக்கி, விரலைவிட்டுத் துண்டை எடுத்தான். "இன்னாண்ணே, செருப்பு போட்டுக்கினு பறக்கச் சொல்றீங்களா?"

அவ்வளவு உன்னிப்பு. அதை நினைத்தால்தான் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.

கடைசி ஞாயிறு மாலை அவன் வீட்டு மாடியில் இருந்தோம். வாலுக்கடியில் செங்கல் கொடுத்து விமானத்தை மட்டமாக நிறுத்தி, இடது பேன்ட்டை மாட்டி முடித்திருந்தான். தாடையைத் தடவினான். நெற்றியெல்லாம் வேர்வை. பக்கத்தில் அவித்த வேர்க்கடலைத் தோல் கிடந்தது.

"இன்னாடா பண்ணுது?"

"கேஸுண்ணே. அவிச்ச மல்லாட்டை தின்னேன்."

"கேஸு தாடையிலயா வரும்? எழுந்திரு, பாண்டி ஆஸ்பத்திரிக்குப் போலாம்."

"இந்த வலது பக்கத்தை மாட்டிட்டு வர்றேண்ணே. பேஜாரு பண்ணாதீங்க."

நான் கத்தியதைக் கேட்டு அவன் மனைவி ஸ்டெல்லா ஏறி வந்தாள். "டாக்டர் போன வாரமே டெஸ்ட் எடுக்கச் சொன்னாருண்ணே. இவரு இந்தச் சக்கரத்தைக் கட்டிக்கினு அழறாரு." இரண்டு பேரும் கையைப் பிடித்து இழுத்தோம். "நாளைக்கு மொத வேலை அதான், சத்தியமா" என்று சிரித்தான். கீழே போய்க் கதவைச் சாத்திக்கொண்டு படுத்தான். காலையில் எழவில்லை.

சக்கரம் ஒரு நூல் உரசினால் பறக்கவிடாதவன், தன் நெஞ்சைக் கேஸ் என்று சொல்லிவிட்டுப் படுத்தான். இதை நான் எங்கே போய்ச் சொல்வது?

கல்லறைத் தோட்டத்தில் ஒரு உறவுக்காரர், "தூக்கத்துலயே போயிட்டாரு, குடுத்து வச்சவரு" என்றார். "நாப்பத்தாறு வயசுல இன்னாத்தய்யா குடுத்து வச்சான்?" என்று அவர் மேல் பாய்ந்தேன். ஃபாதர் ஜெபத்தை நிறுத்திவிட்டுப் பார்த்தார். பார்க்கட்டும்.

முப்பதாம் நாள் பூசை முடிந்ததும் அந்த விமானத்தை முழுசாக்கிப் பறக்கவிடலாம் என்று குழுவில் எழுதியிருக்கிறீர்கள், பூப்படம் வேறு போட்டு. தரமாட்டேன். கண்ணில் படவே கூடாது என்று ஸ்டெல்லா அதை என்னிடம் கொடுத்துவிட்டாள். ஒரு கால் மூடி, ஒரு கால் வெறுமையாக என் கடையில் நிற்கிறது. அந்த வலது பேன்ட்டை நானும் மாட்டமாட்டேன், உங்களையும் மாட்டவிடமாட்டேன்.

போன ஞாயிறு நடந்தது உங்களுக்குத் தெரியும். நம் ரஷீத் பாய், விமானம் மேலே இருக்கும்போது நெஞ்சைத் தடவினார். "ஒண்ணுமில்லப்பா, கேஸு" என்றார். அதற்குமேல் நான் எதுவும் கேட்கவில்லை. ரிமோட்டைப் பிடுங்கி இறக்கினேன். நான் இறக்கும் லட்சணம்தான் தெரியுமே, கால் இரண்டும் பிய்ந்து மூக்கு மண்ணில் குத்தியது. அவரைக் காரில் தள்ளிப் பாண்டிக்குக் கொண்டுபோனேன். எல்லா டெஸ்ட்டும் எடுத்தார்கள். நிஜமாகவே கேஸ்தான். திரும்பி வரும் வழியெல்லாம், "நல்லா இருந்த பிளேனை ஒடைச்சிட்டியேய்யா" என்று வைதுகொண்டே வந்தார்.

ஜெயசீலனிடமிருந்து நான் வைத்துக்கொண்டது இந்த ஆத்திரம்தான். இனி யார் நெஞ்சைத் தடவினாலும் விமானத்தை உடைப்பேன். என்னை வைய அந்த ஆள் உயிரோடு இருந்தால் போதும்.