செவ்வாய்க்கிழமை முட்டை

சத்துணவில் வண்டு கிடந்தது என்று வீட்டில் வந்து சொன்னது நான்தான். சொல்லாமல் இருந்திருக்கலாம் என்று ஒரே வாரத்தில் ஆகிவிட்டது.

நெய்வேலி டவுன்ஷிப்பை ஒட்டிய எங்கள் தெருவில் வீடு வீடாகப் போய் ஐந்து தாய்மார்களைச் சேர்த்துக்கொண்டு, பள்ளியில் பெற்றோர் சத்துணவுக் குழு வேண்டும் என்று அம்மா ஹெச்.எம். முன்னால் போய் நின்றாள். அவர் மறுக்கவில்லை, நிபந்தனை போட்டார். தினமும் ஒரு தாய் பிள்ளைகள் முன்னால் ஒரு தட்டு முழுக்கச் சாப்பிட்டு, நோட்டில் கையெழுத்துப் போட வேண்டும். பிறகுதான் பிள்ளைகளுக்குப் பரிமாறுவார்கள். ஒரு நாள் தவறினாலும் குழு கிடையாது. ஆரம்பித்தவள் என்பதால் முதல் நாள் அம்மாவுடையது. அது செவ்வாய்க்கிழமை.

மைன்ஸில் அப்பாவின் கான்ட்ராக்ட் முடிந்து மூன்று மாதமாகியிருந்தது. மறுபடி வேலை கிடைக்க வேண்டி, திங்கள் சிவனுக்கு, செவ்வாய் முருகனுக்கு, வெள்ளி அம்மனுக்கு, சனி பெருமாளுக்கு என்று அம்மா வாரத்தையே சாமிகளுக்குப் பங்கு போட்டிருந்தாள். எங்களுக்குச் சோறு போட்டுவிட்டுத் தண்ணீர் குடித்துப் படுத்துக்கொள்வாள். ஒன்பது வயதில் நான் அவளைவிடப் பெரிய பக்தை.

அவள் தட்டை எடுத்ததும் எனக்குப் பொறுக்கவில்லை.

"அம்மா, இன்னிக்கு செவ்வாக்கெழம! வெரதம்!"

வண்டு விவகாரத்தில் சமையல்காரம்மாவின் வேலையே ஆடிக்கொண்டிருந்தது. "வெரதம் இருந்துகினு இங்க எதுக்கும்மா வந்த? எஞ்சோறு ஆவலன்னா நேராவே சொல்லேன்" என்றார். ஹெச்.எம். நோட்டை மூடப்போனார்.

அம்மா சம்மணம் போட்டு உட்கார்ந்தாள். "போடுங்க."

சாம்பார் சாதம், பக்கத்தில் முட்டை. முட்டையையாவது ஒதுக்குவாள் என்று பார்த்தேன். அதைத்தான் முதலில் எடுத்தாள். ருசி பார்க்க வந்தவள் சாப்பிடுகிற மாதிரியே இல்லை, தலை நிமிரவில்லை. அப்பாவின் வேலை வாய் வாயாகப் போய்க்கொண்டிருந்தது.

சமையல்காரம்மா கொஞ்ச நேரம் அவளையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு, கேட்காமலே இன்னொரு கரண்டி சோறு வைத்தார். ஆத்திரத்தில் விரதத்தை நன்றாகக் கெடுக்கிறார் என்று நினைத்தேன். அம்மா அதையும் சாப்பிட்டாள்.

"உப்பு ஒரு கல்லு கம்மிங்க. மத்தபடி நல்லா இருக்கு" என்று கையெழுத்துப் போட்டாள். குழு நிலைத்தது. நான் இரண்டு நாள் அவளோடு பேசவில்லை.

மறு மாதம் அப்பாவுக்கு வேறொரு கான்ட்ராக்ட் கிடைத்தது. அதோடு அம்மாவின் விரதங்களும் ஒவ்வொன்றாக நின்றன. வேண்டுதல் பலித்ததால் விட்டுவிட்டாள் என்றே பல வருஷம் நம்பினேன். அது விரதமே இல்லை என்பதை சமையல்காரம்மா அந்த ஒரு தட்டிலேயே கண்டுகொண்டார். பெற்ற மகள் நான், அம்மாவை மன்னித்துவிடச் சொல்லி முருகனைக் கும்பிட்டுக்கொண்டிருந்தேன்.