நானே வாத்தியாரான ஐந்து ஞாயிற்றுக்கிழமைகள்

மாதம் நூற்றைம்பது ரூபாய் என்றார் பாய். மீஞ்சூரில் ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில் டிரைவிங் ஸ்கூல் வைத்திருந்தார். எழுபதுகளின் கடைசி அது. நூற்றைம்பது ரூபாய் எங்கள் வீட்டு வாடகையைவிட அதிகம். என் முகம் போன போக்கைப் பார்த்துவிட்டு அவரே பேச ஆரம்பித்தார்.

“சார், நம்ம வண்டியில ரெண்டு பிரேக் கீது. ஒண்ணு அம்மா காலாண்ட, ஒண்ணு என் காலாண்ட. பொம்பளைங்க கத்துக்கினா எங்க ஊட்டுக்காரி பின் சீட்ல குந்திக்கினு வரும். அப்புறம் இன்னா பயம் உங்களுக்கு?”

பயமாவது ஒன்றாவது! வேற்று ஆண்பிள்ளை பக்கத்தில் உட்கார்ந்து என் மனைவிக்குச் சொல்லிக்கொடுப்பதா என்றொரு சாக்கைத் தயாராக வைத்திருந்தேன். அதை நான் வாயைத் திறப்பதற்குள்ளேயே அவர் பிடுங்கிக்கொண்டுவிட்டார். மிச்சமிருந்தது என் கஞ்சத்தனம் ஒன்றுதான். அதை வெளியில் சொல்ல முடியுமா? “யோசிச்சு சொல்றேன் பாய்” என்று நழுவி வந்துவிட்டேன். பக்கத்தில் நின்றிருந்த என் மனைவி அவரைக் கும்பிட்டுவிட்டு என் பின்னால் வந்தாள்.

காரில் ஏறியதும் சொன்னேன்: “நூத்தைம்பது ரூபா எதுக்கு தண்டம்? நானே சொல்லித் தரேன். ஆலையில அம்பது பேரை வேலைக்குப் பழக்கினவன், உன்னைப் பழக்க முடியாதா?”

“உங்களுக்குக் கோபம் வருமே” என்றாள்.

“வராது” என்றேன். பெரிய சத்தியவான்!

அவள் எதற்காகக் கார் ஓட்ட ஆசைப்பட்டாள் என்பதைச் சொல்ல வேண்டும். ஊர் சுற்ற அல்ல. அவள் அப்பா திருவள்ளூரில் பெருமாள் கோயிலில் பிரபந்தம் சேவிப்பவர். மாமியார் காலமான பிறகு தனியாக இருந்தார். கண் மங்கிவிட்டது. அடுப்பில் கையைச் சுட்டுக்கொண்டு ஒருவேளை சமைத்து அதையே இரண்டு வேளை சாப்பிடுவார். கோயிலை விட்டுவிட்டு எங்களோடு வந்து இருக்கச் சொன்னால் காதிலேயே போட்டுக்கொள்ள மாட்டார். இவள் ஒரே பெண்.

நான் கும்மிடிப்பூண்டியில் ஒரு இரும்பு ஆலையில் சூப்பர்வைசர். அங்கிருந்து திருவள்ளூருக்குப் பஸ்ஸில் போவதென்றால் செங்குன்றம் வந்து, அங்கே காத்துக்கிடந்து, இன்னொரு பஸ் பிடிக்க வேண்டும். போக அரை நாள், வர அரை நாள். ஆலை ஆபீஸில் ஒரு பழைய காரைக் கழித்துவிட்டபோது கொஞ்ச விலைக்கு நான் வாங்கிப்போட்டேன். ஆனால் வேலைக்குக் கம்பெனி பஸ்ஸில்தான் போவேன். கார் வாரம் முழுக்க வாசலில் சும்மா நிற்கும்.

“சும்மாதானே நிக்கறது? நான் ஓட்டக் கத்துண்டா, காலம்பர போய் அப்பாவுக்கு நாலு நாளைக்கு ஆகறாப்பல ஏதாவது பண்ணி வச்சுட்டு, நீங்க ஷிஃப்ட் முடிஞ்சு வரதுக்குள்ள வந்துடுவேன்” என்றாள். கல்யாணமாகிப் பன்னிரண்டு வருஷத்தில் அவள் வாய்விட்டுக் கேட்டது அது ஒன்றுதான். சத்தியமாக அது ஒன்றுதான்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் பாடம். தொழிற்பேட்டைக்கு நிலம் எடுத்து ரோடு மட்டும் போட்டு வைத்திருந்தார்கள். கம்பெனிகள் இனிமேல்தான் வர வேண்டும். கண்ணுக்கெட்டிய தூரம் தார் ரோடு, ஆள் கிடையாது. கார் பழகுவதற்கென்றே போட்டு வைத்த மாதிரி இருக்கும். காரில் முன்னால் ஒரே நீள சீட்டு, கியர் ஸ்டியரிங்கோடு சேர்ந்தது. நான் இடதுபக்கம் அவளை ஒட்டி உட்கார்ந்துகொள்வேன்.

எங்கள் காரில் பிரேக் ஒன்றுதான். அவள் தடுமாறினால் நான் வலது காலை நீட்டி மிதிக்க வேண்டும். மிதிக்கும்போது அவள் கால் என் காலின் மேல் படும். பட்டதோ இல்லையோ, “ஐயோ பெருமாளே” என்று வலது கையால் என் முழங்காலைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்வாள். புருஷனை மிதித்துவிட்டாளாம், பாவமாம். முதல் ஞாயிறு மட்டும் பத்துத் தடவையாவது ஒற்றிக்கொண்டிருப்பாள்.

நான் சிரித்தேன். அதை நிறுத்து, ஸ்டியரிங்கிலிருந்து கையை எடுக்காதே என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை. கிளச்சுக்குக் கத்தினேன், கியருக்குக் கத்தினேன், ஹாரனுக்குக்கூடக் கத்தினேன். இதற்கு மட்டும் வாயைத் திறக்கவில்லை. ஏனென்றால் எனக்கு அது பிடித்திருந்தது. இப்போது எழுதும்போது கூசுகிறது, ஆனாலும் உண்மை அதுதான். பாயாக இருந்தால் முதல் நாளே, “கைய எடுக்காதம்மா” என்று சொல்லித் திருத்தியிருப்பார். சொல்லப்போனால், அவர் பக்கத்துக்குத் தனி பிரேக் இருந்ததால் அப்படியொரு தொல்லையே வந்திருக்காது.

இத்தனைக்கும் அவள் சீக்கிரமாகவே கற்றுக்கொண்டாள். நாலாவது ஞாயிறு இரண்டாவது கியரில் அலுங்காமல் ஒரு சுற்றுப் போய் வந்துவிட்டாள். அன்றைக்கு வீட்டுக்கு வந்து பாயசம் வைத்தாள். “தைக்குள்ள லைசென்ஸ் எடுத்துடலாமா?” என்று கேட்டாள். எடுத்துடலாம் என்றேன்.

ஐந்தாவது ஞாயிறு. மூன்றாவது கியரில் கொஞ்சம் வேகமாகவே போய்க்கொண்டிருந்தோம். எங்கிருந்தோ ஒரு ஆடு குறுக்கே பாய்ந்தது. “பிரேக்! பிரேக்!” என்று அலறிக்கொண்டே காலை நீட்டினேன். அதே நேரத்தில் அவளும் மிதிக்க, அவள் கால் என் பாதத்தின் மேல் நன்றாக விழுந்தது. அவ்வளவுதான். கை ஸ்டியரிங்கை விட்டு என் முழங்காலுக்கு வந்துவிட்டது. கார் ரோட்டை விட்டு இறங்கி, புதிதாக வந்த ஒரு கம்பெனிக்குச் சுவர் எழுப்ப வெட்டியிருந்த அஸ்திவாரப் பள்ளத்தில் மூக்கைக் குத்திக்கொண்டு நின்றது.

பக்கத்தில் மண் வேலை செய்துகொண்டிருந்தவர்கள் ஓடிவந்தார்கள். அவர்களில் ஒருவர், “அம்மா, அடி கிடி பட்ச்சா?” என்று அவளைக் கேட்டார். நான் கேட்கவில்லை. நான் இறங்கி வண்டியின் முன்பக்கத்தைப் பார்த்தேன். விளக்கு உடைந்து, தகரம் உள்ளே போயிருந்தது. எனக்குத் தலைக்கேறிவிட்டது.

“கோயில் புளியோதரையைத் தின்னு வளர்ந்த மூளை! கிளச்சும் பிரேக்கும் எங்கேருந்து ஏறும்? உங்கப்பாவுக்கு மணியாட்டத் தெரியும், உனக்கு அதுகூடத் தெரியாது. உனக்கெதுக்குடி கார்?”

அத்தனை பேர் முன்னால். அவர்களே தலையைக் குனிந்துகொண்டார்கள். அவள் இறங்கினாள், தலைப்பை இழுத்துப் போர்த்திக்கொண்டு வீட்டைப் பார்க்க நடந்தாள். இரண்டு மைல் இருக்கும். நான் வண்டியைத் தூக்குவதில் மும்முரமாக இருந்தேன்.

காரைச் சரிசெய்ய இருநூற்று எழுபது ரூபாய் ஆயிற்று. மன்னிப்புக் கேட்டேனா? நானா? இரண்டு வாரம் கழித்து, “வா, மறுபடி ஆரம்பிக்கலாம்” என்றேன். “வேண்டாம், பஸ் இருக்கே” என்றாள். சரி, பெண்டாட்டிக்குப் புத்தி வந்துவிட்டது, எனக்கும் ஞாயிற்றுக்கிழமை தூக்கம் மிச்சம் என்று விட்டுவிட்டேன். என்னைச் செருப்பால் அடிக்க வேண்டும்.

மாசி மாதம் ஒருநாள், காலை ஒன்பது மணிக்கு வீட்டுக்குத் தந்தி வந்திருக்கிறது, அப்பாவுக்கு உடம்பு மோசம், உடனே வா என்று. நான் ஆலையில் இருந்தேன். பக்கத்து வீட்டில் சொல்லிவிட்டு அவள் பஸ் ஏறிவிட்டாள். செங்குன்றத்தில் ஒன்றரை மணி நேரம் அடுத்த பஸ் வரவில்லை. வந்த பஸ்ஸும் வழியில் நின்றது. திருவள்ளூர் போய்ச் சேரும்போது மணி இரண்டு.

நான் ஷிஃப்ட் முடிந்து வந்து, விஷயம் தெரிந்து, காரை எடுத்துக்கொண்டு போனேன். ஒன்றரை மணி நேரத்தில் போய்விட்டேன். வாசலில் எதிர்வீட்டுக்காரர் என் கையைப் பிடித்துக்கொண்டார்.

“பன்னெண்டு மணி வரைக்கும் உசுரு இருந்துச்சு சார். ‘பொண்ணு வந்துட்டாளா, பொண்ணு வந்துட்டாளா’ன்னு கேட்டுக்கினே இருந்தாரு.”

ஒன்பதும் ஒன்றரையும் பத்தரை. இந்தக் கணக்கை அன்றிலிருந்து எத்தனையோ முறை போட்டுவிட்டேன். பத்தரையைத் தாண்டி ஒரு நிமிஷம்கூட அது மாறவில்லை. உள்ளே அவள் அப்பாவின் தலைமாட்டில் உட்கார்ந்திருந்தாள். நான் வந்ததை நிமிர்ந்து பார்த்தாள்.

காரியமெல்லாம் முடிந்து கும்மிடிப்பூண்டிக்குத் திரும்பிய பிறகு, ஒருநாள் அவளிடம் போய் நின்றேன். “மீஞ்சூர் பாய்கிட்டயே சேர்த்துவிடறேன். எத்தனை ரூபாயானாலும் சரி. நீ நன்னாத்தான் ஓட்டினே” என்றேன். அதை நான் அவளிடம் சொன்னது அதுதான் முதல் தடவை.

அவள் கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் நானும் பதிலுக்குக் கத்தித் தப்பித்திருப்பேன். சாதாரணமாக, நிஜமாகவே பதில் தெரிந்துகொள்ளக் கேட்பதுபோலக் கேட்டாள்:

“ஓட்டிண்டு நான் இனிமே எங்கே போகணும்?”